சப்வூஃபரில் வேண்டாத ஓசை: காரிலிருந்து காயில் வரை தேடிக் கண்டுபிடிக்கும் முறை

காரின் டிக்கியில், தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரைப் பொருத்திய சில மாதங்களில் பலருக்கும் ஒரே குறை எழுகிறது. பாட்டின் தாழ்ந்த ஒலி இறங்கும் இடத்தில், அதனுடன் சேராத இன்னோர் ஓசையும் கூடவே வருகிறது. என் ஹேட்ச்பேக் காரில் 12 அங்குல சப்வூஃபரைப் போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியில் பொருத்தியிருந்தபோது எனக்கும் இது நேர்ந்தது. ஒரு கடையில் காட்டினேன். அவர்கள் கோனை, அதாவது ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பை, ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, காயில் (அதன் பின்னால் உள்ள கம்பிச் சுருள்) போய்விட்டது, ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும் என்றார்கள். நம்பி மாற்றினேன். புதிய ஸ்பீக்கரிலும் அதே பாட்டின் அதே இடத்தில் அதே ஓசை கேட்டது. பெட்டியின் பின்புறம் கம்பிகளை இணைக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் 4 ஸ்க்ரூக்களில் 2 தளர்ந்து, அந்த இடுக்கு வழியாகக் காற்று பீறிட்டதுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த வீண்செலவு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஸ்பீக்கரைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். மின்சாரம், கார், பெட்டி, அதன் பிறகு ஸ்பீக்கர் என்று வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால், பெரும்பாலான ஓசைகள் ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

ஓசைக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள்

"ஒரு மாதிரி சத்தம் வருகிறது" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது. நம் மொழியில் இரட்டைக்கிளவிகள் நிறைய இருப்பது இந்த வேலைக்கு மிகவும் பயன்படுகிறது. கடகடவென்று கேட்டால், கெட்டியான இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நம்பர் பிளேட்டையும் ஜாக்கியையும் அங்கே நினைக்க வேண்டும். புஸ்புஸ் என்றால் காற்று; அது போர்ட் வழியாகவோ ஏதாவது ஓர் இடுக்கு வழியாகவோ வேகமாக வெளியேறுகிறது. சரசரவென்று மணல் உரசுவதுபோல் கேட்டால் காயில் காந்தத்தின் இடைவெளியில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். படபடவென்று அடித்தால், கோனின் கிழிந்த விளிம்பு வளையமோ கோனில் மோதும் மெல்லிய கம்பியோ காரணமாகலாம். சத்தம் கூடிய இடங்களில் மட்டும் டக்டக்கென்று உலோகம் தட்டினால், கோன் தன் எல்லையைத் தாண்டி அசைகிறது. பாட்டே ஓடாதபோதும் "ம்ம்ம்" என்ற ரீங்காரம் இருந்தால் அது மின்சாரத்தின் வேலை.

பெயர் வைத்ததோடு, அது எந்தச் சத்த அளவில் தொடங்குகிறது என்பதையும், வண்டி எடுத்தவுடனே வருகிறதா அல்லது கால் மணி நேரம் பாட்டு ஓடிச் சூடான பிறகு வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடான பிறகு மட்டும் வரும் உரசல், வெப்பத்தில் விரிந்த காயிலைச் சுட்டலாம்.

கையில் என்னென்ன வேண்டும்

ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் சீரான ஒலி எழுப்பும் செயலி உள்ள கைப்பேசி, மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், 3 அல்லது 4 மீட்டர் ஸ்பீக்கர் கம்பி, ஊதுபத்தி, பழைய துணி ஆகியவை போதும். கூடவே ஒருவர் துணைக்கு இருந்தால் பாதி நேரம் மிச்சமாகும். சீரான ஒற்றை ஒலி, பாட்டைவிட அதிகமாகக் காயிலைச் சூடாக்கும் என்பதால், சோதனை ஒலிகளைக் குறைந்த சத்தத்தில், ஒவ்வொன்றையும் 10 நொடிக்கு மேல் போகாமல் ஒலிக்கவிடுங்கள். மின்கம்பிகளைத் தொடும் வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

அமைப்புகளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருதல்

தேடலைத் தொடங்கும் முன், ஸ்டீரியோவிலும் ஆம்ப்ளிஃபையரிலும் உள்ள, தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பாஸ் பூஸ்டை முழுவதும் அணைத்து, ஈக்வலைசரைச் சமமாக வைத்து, தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். பாஸ் பூஸ்ட் 12 டெசிபல் என்றால், அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபையர் ஏறத்தாழ 16 மடங்கு திறனைத் தர வேண்டும் என்று பொருள். அத்தனை திறன் அதனிடம் இருக்காது. அப்போது அலையின் உச்சி தட்டையாக வெட்டப்பட்டு, கரகரப்பான ஒலி எழுகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். எல்லாவற்றையும் அணைத்தவுடன் ஓசை மறைந்துவிட்டால், பெட்டியைத் திறக்கவே தேவையில்லை.

ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் கெயின் குமிழைச் சத்தக் குமிழ் என்று எண்ணி முழுவதும் திருப்பி வைத்திருப்பதும் பரவலான தவறு. அதை மல்டிமீட்டரால் சரிசெய்யலாம். ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால் அளவில் வைத்து, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் ஏ.சி. வோல்ட்டை அளவிடுங்கள். வர வேண்டிய வோல்ட், வாட்டையும் ஓமையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். ஆம்ப்ளிஃபையர் 4 ஓமில் 300 வாட் தருவதாக இருந்தால் 34.6 வோல்ட், 2 ஓமில் 500 வாட் என்றால் 31.6 வோல்ட். அந்த எண் வந்ததும் குமிழை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பாட்டு இல்லாமலே வரும் ஓசை

இது மின்சாரக் குறை என்பதால் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஸ்டீரியோவிலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கம்பிகளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் குறை கம்பியிலோ ஸ்டீரியோவிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் எர்த் இணைப்பைப் பாருங்கள். எர்த் கம்பி அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அது பதியும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் தகடு தெரியும்படி செய்து போல்ட்டால் இறுக்கியிருக்க வேண்டும். பெயின்ட்டின் மேலேயே ஸ்க்ரூவை முடுக்கியிருப்பதை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஆல்டர்னேட்டர் விசில் சப்வூஃபரில் அவ்வளவாகக் கேட்காது. லோ பாஸ் ஃபில்டர் அதை வெட்டிவிடும். அது கதவு ஸ்பீக்கர்களில்தான் வெளிப்படும்.

சத்தம் கூடும்போது முகப்பு விளக்குகள் மங்கினால், என்ஜின் ஓடும் நிலையில் ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். வழக்கமாக 14க்கு அருகில் இருக்க வேண்டியது, பாட்டின் அடிகளில் 12க்குக் கீழே போனால் கம்பி மெலிந்தது அல்லது இணைப்பு தளர்ந்தது. மின்னழுத்தம் விழும்போதும் கிளிப்பிங் வரும்.

காரா, பெட்டியா?

இந்த ஒரு சோதனையை யாரும் தவறவிடக் கூடாது. பெட்டியை டிக்கியிலிருந்து இறக்கி, நீளமான ஸ்பீக்கர் கம்பியால் ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, வீட்டு வாசலில் தரையில் வைத்து, ஓசை வந்த அதே பாட்டை அதே சத்தத்தில் ஓடவிடுங்கள். வெளியில் பாஸ் குறைவாகத் தெரியும். காரின் சிறிய உள்ளறை தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் காட்டுவதால் உண்டாகும் வேறுபாடு அது. அதைக் குறை என்று எண்ண வேண்டாம். கேட்க வேண்டியது வேண்டாத ஓசை வருகிறதா என்பதை மட்டுமே. வரவில்லை என்றால் உங்கள் பெட்டியும் ஸ்பீக்கரும் நலமாக இருக்கின்றன, ஓசை காருடையது.

காருடையது என்றால் பெட்டியை மீண்டும் உள்ளே வைத்து, கைப்பேசியில் 25 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஓர் எண்ணில் கடகடப்பு உச்சத்துக்கு வரும். ஒருவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த ஒலியைச் சிறிது சிறிதாக ஓடவிட, மற்றவர் வெளியே நின்று ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்த வேண்டும். கை வைத்ததும் ஓசை நின்றால் அதுவே இடம். பின்பக்க நம்பர் பிளேட், டிக்கி மூடியின் பூட்டும் ரப்பர் கட்டைகளும், பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள பார்சல் தட்டு, ஸ்டெப்னிக்கு அருகில் கிடக்கும் ஜாக்கியும் ஸ்பேனரும், பிளாஸ்டிக்கில் இடிக்கும் சீட் பெல்ட் கொக்கி ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ரப்பர் வாஷரோ ஃபோம் பட்டையோ வைத்தாலே போதும். கருவிகளைப் பழைய துணியில் சுற்றிக் கட்டிவையுங்கள். தகடு அதிர்ந்து முனகுவது வேறு, பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசிக் கடகடப்பது வேறு. முன்னதற்கு அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டை உருளையால் நன்றாக அழுத்தி ஒட்ட வேண்டும்; தகட்டின் நடுவில் கால் பங்கு இடத்தை மூடினாலே பெரிய வேறுபாடு தெரியும். பின்னதற்கு அந்த ஷீட் பயன்படாது. உரசும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்ட வேண்டும். இந்த வேறுபாடு புரியாமல் டிக்கி முழுவதும் விலை உயர்ந்த ஷீட் ஒட்டிவிட்டு, கடகடப்பு அப்படியே இருக்கிறதே என்று வருந்துபவர்கள் உண்டு.

பெட்டியே நகர்ந்து பக்கவாட்டில் இடித்தாலும் ஓசை வரும். அதைத் தரையோடு பொருத்த ஸ்க்ரூ போடுவதாக இருந்தால், முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, அந்த இடத்தில் பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ போகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெட்டியைச் சோதித்தல்

வாசலில் வைத்தபோதும் ஓசை வந்தால், அடுத்தது பெட்டி. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று, கோனுக்கு ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் சிறிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த பாஸ் எடுக்கலாம் என்று செய்து காட்டியது இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான். பெட்டியில் சிறு கசிவு இருந்தாலும் ஸ்பிரிங் தளர்ந்து, கோன் அளவுக்கு மீறி அசைவதோடு, கசியும் இடத்தில் புர்ரென்றோ விசில்போலவோ ஓசை எழும்.

கசிவை அறிய, ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக மெல்ல அழுத்திப் பிடியுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் விரல்களுக்கு எதிராக ஒரு தாங்கல் தெரியும். பிடித்திருக்கும் சில நொடிகளில் அந்தத் தாங்கல் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியைப்போல் நல்ல கருவி வேறு இல்லை. 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, மூட்டுகள், ஸ்பீக்கரின் விளிம்பு, பின்புறக் கிண்ணம் ஆகியவற்றின் அருகே ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். காற்று இல்லாத அறையில் நேராக எழும் புகை, கசிவின் முன்னால் துடிக்கும். போர்ட் உள்ள பெட்டியானால், சோதனை முடியும்வரை போர்ட்டில் துணியை இறுகச் சுருட்டித் திணித்து வையுங்கள். பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கசியும் மூட்டுகளில் உட்புறமாக மர ஒட்டுப்பசையைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் உலரவிடுங்கள். சிலிகான் பயன்படுத்தினால், அதன் புளித்த வாடை முழுவதும் போன பிறகே ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும். அந்த ஆவி ஸ்பீக்கரின் உள் பாகங்களுக்கு ஆகாது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும் என்பதால், மழைநீர் டிக்கிக்குள் இறங்கும் வண்டிகளில் பெட்டியின் அடிமூட்டைத்தான் முதலில் பார்ப்பேன். ஒருமுறை நன்றாக உப்பிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. அதை ஒட்டிக்கொண்டிருப்பதைவிடப் புதிய பெட்டி செய்வதே நல்லது.

பலகைகளை விரல் கணுவால் தட்டியும் பாருங்கள். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். கெட்டியாக ஒலிக்க வேண்டும். டொம்மென்று பானைபோல் ஒலித்தால் அந்தப் பக்கம் பாட்டோடு சேர்ந்து அதிர்கிறது. உள்ளே எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து ஒரு ரீப்பர் கட்டையைப் பசை வைத்து இறுக்கினால் அது அடங்கும். பெட்டியை மெல்லச் சாய்த்து, உள்ளே கழன்ற ஸ்க்ரூ ஏதேனும் உருள்கிறதா என்றும் கேளுங்கள். பெட்டிக்குள் போகும் கம்பி பலகையில் அடிக்காதபடி அதைப் பசையால் ஒட்டியிருக்க வேண்டும்.

போர்ட்டின் புஸ்புஸ் ஓசை

குறுகிய வாய் உள்ள புட்டியின் மேல் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழுகிறது அல்லவா? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த அந்த ஒத்ததிர்வுதான் போர்ட் வைத்த பெட்டியிலும் நடக்கிறது. பெட்டியின் காற்று ஸ்பிரிங்காகவும், போர்ட்டில் உள்ள காற்று அதில் தொங்கும் எடையாகவும் இருந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்து அசைகின்றன. அந்த எண்ணில் கோன் மிகக் குறைவாகவே அசையும். காற்று முழுவதும் போர்ட் வழியாகப் பாயும். ஆகவே 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, கோன் கிட்டத்தட்ட நின்றுபோகும் எண்ணைக் கண்டால், அதுவே உங்கள் பெட்டியின் சுருதி. கடையில் சொன்ன எண்ணை நம்புவதைவிட இப்படிக் கண்ணால் பார்ப்பதே மேல்.

புஸ்புஸ் ஓசை அந்தச் சுருதியின் அருகில்தான் அதிகம் வரும். போர்ட்டில் காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டருக்குள் இருப்பது நல்லது என்பது பெட்டி செய்பவர்கள் வைத்திருக்கும் பொது அளவு. ஒலியின் வேகத்தில் அது 20இல் ஒரு பங்கு. போர்ட்டின் வாய் விளிம்புகள் கூர்மையாக இருந்தால் அவற்றை உருண்டையாகத் தேய்த்துவிடுங்கள். வாய்க்கு எதிரே டிக்கியின் சுவர் மிக நெருக்கமாக இருந்தால் பெட்டியைத் திருப்பி வையுங்கள். குறைந்தது போர்ட்டின் விட்டமளவு இடைவெளி வேண்டும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் போர்ட் சிறியது. ஆனால் அதை அகலமாக்கினால் மட்டும் போதாது. அகலத்துக்கு ஏற்ப நீளத்தையும் கூட்டாவிட்டால் பெட்டியின் சுருதி மேலே ஏறி, ஆழ்ந்த பாஸ் போய்விடும்.

சுருதிக்குக் கீழே போனால் பெட்டியின் காற்று கோனைத் தாங்குவதில்லை. அங்கேதான் கோன் கட்டுப்பாடின்றி அடித்து டக்டக்கென்று ஒலிக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் அதைச் சுருதிக்குச் சற்றுக் கீழே வையுங்கள். 35 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு 28 முதல் 30 வரை பொருந்தும். அந்த ஃபில்டர் இல்லாத ஆம்ப்ளிஃபையரோடு போர்ட் பெட்டி வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கடைசியாக ஸ்பீக்கர்

இவ்வளவுக்குப் பிறகும் ஓசை நிற்காவிட்டால் ஸ்பீக்கரைக் கழற்றி மேசையில் மல்லாக்க வையுங்கள். கோனை இரு கைகளாலும் நேராகக் கீழே அழுத்தி விடுங்கள். நல்ல காயில் ஓசையின்றி இறங்கி ஏறும். சரக்கென்று உரசினால் அது நெளிந்திருக்கிறது. ஒரு பக்கமாக அழுத்தினால் நல்ல ஸ்பீக்கர்கூட உரசும். கடையில் ஒரு கையால் அழுத்திக் காட்டும் உரசலை உடனே நம்பிவிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். மூக்கை அருகில் கொண்டுபோய்த் தீய்ந்த வாடை வருகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு மல்டிமீட்டரால் காயிலின் மின்தடையை அளவிடுங்கள். 4 ஓம் என்று எழுதியிருக்கும் காயில் சுமார் 3.2 முதல் 3.8 வரை காட்டும். இரட்டைக் காயில் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளவிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தர வேண்டும். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. மிகவும் குறைந்திருந்தால் சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன. அளவிடும்போது கோன் அசைந்தால் காயிலே சிறிது மின்சாரத்தை உண்டாக்கி எண்களைக் குதிக்கச் செய்யும்; கோன் அடங்கியபின் நிலைக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

உரசல் இல்லாமல் படபடப்பு மட்டும் இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி. அது நீண்டு தொங்கினால் கோன் வேகமாக அசையும்போது அதில் அடிக்கும். இழுத்துக் கட்டினால் சில நாளில் அறுந்துவிடும் என்பதால், வளைவின் திசையை மட்டும் மாற்றிவிடுங்கள். இரண்டாவது, கோனின் விளிம்பு வளையம். ஃபோம் வளையம் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும். ரப்பர் நீடித்து உழைக்கும். சிறு கிழிசலை வளையும் தன்மையுள்ள ரப்பர் பசையால் ஒட்டலாம். உடனே இறுகும் சூப்பர் க்ளூ கல்லாகி அடுத்த நாளே வெடிக்கும். மூன்றாவது, நடுவில் உள்ள வட்ட மூடி. மெல்லிய ஒலி ஓடும்போது அதன் ஓரத்தில் விரலை இலேசாக வைத்தால் ஓசை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சுற்றிலும் பசை தடவினால் போதும்.

காயில் நெளிந்திருந்தாலோ எரிந்திருந்தாலோ, காந்தத்தையும் கூடையையும் (ஸ்பீக்கரின் சட்டம்) வைத்துக்கொண்டு கோனையும் காயிலையும் மாற்றிக் கட்டுபவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். விலை கூடிய ஸ்பீக்கருக்கு அது தகும். விலை குறைந்ததற்கு அந்தக் கூலியும் பொருளும் சேர்ந்து புதியதின் விலையை நெருங்கிவிடும்.

திரும்பப் பொருத்துதல்

ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் பழைய ஃபோம் பட்டையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுங்கள். ஸ்க்ரூக்களை வட்டமாக வரிசையில் இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். வரிசையில் இறுக்கினால் கூடை ஒரு பக்கம் நெளிந்து காயில் உரசத் தொடங்கும். பிடிமானம் இழந்த துளையில் மரப்பசை தடவிய தீக்குச்சிகளைத் திணித்து, உலர்ந்தபின் வெட்டிவிட்டு ஸ்க்ரூ போடலாம். கம்பிகளின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளைச் சரிபார்ப்பதும் முக்கியம். இரட்டைக் காயிலில் ஒன்றை மட்டும் தலைகீழாக இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, கோன் அசையாமல் காயில் மட்டும் சூடாகும்.

எல்லாம் பொருத்திய பிறகு பாட்டுக்கு முன் 60 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை மெல்ல இறக்கி, முன்பு குறித்துவைத்த எண்ணில் நிறுத்திக் கேளுங்கள். அங்கே ஓசை இல்லை என்றால் பெட்டியை டிக்கியில் ஏற்றிக் கட்டுங்கள். ஏற்றிய பிறகு அதே எண்ணை இன்னொரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்.